பதிவேட்டில் இல்லாதவள்

வெப்பமானி நெற்றியைச் சுட்டுவிட்டு
முப்பத்தாறு புள்ளி நாலு, உள்ளே போ என்கிறது.
கோலக்கெட்டில் சாலையில் செம்பனை லோரி
பள்ளி வாசலருகே ஒரு குலையை உருட்டிவிட்டுப் போகிறது.
வரிசையில் நின்ற பதினேழு பேரும்
என்னைப் பார்க்கவில்லை,
அதைத்தான் பார்த்தார்கள்.

முதலாம் ஆண்டில் பத்தே வாரம் பார்த்த பிள்ளைகள்.
இப்போது மூன்றாம் ஆண்டு.
முகக்கவரிக்கு மேலே கண்கள் மட்டும் பழையவை.
தர்வினுக்குக் காற்சட்டை தொடைவரை ஏறிவிட்டது,
சப்பாத்து யாரோ பெரியவருடையது,
நடந்தால் ஒரு தடவை அவனும் ஒரு தடவை அதுவும்.

அவன்தான் என் கெட்டிக்காரன்.
பதினெட்டு மாதம்
புலனத்தில் ஒருநாள் தவறாமல் வீட்டுப்பாடம் அனுப்பியவன்.
இரவு பதினொன்றைத் தாண்டித்தான் வரும்.
வீட்டில் ஒரே கைப்பேசி, அது அப்பாவோடு வரவேண்டும்.
படம் மங்கலாய், மேசை விளிம்பு கோணலாய்,
எழுத்து மட்டும் அப்படியொரு நேர்.

முதலில் பழம் என்பது
பலம் என்றுதான் வந்தது.
சிவப்பில் வட்டம் போட்டேன்.
மறுவாரமும் வட்டம்.
வாலைப்பலம் என்று ஒரு தடவை, இரண்டு வட்டம்.
ஐந்தாம் மாதம் ஒரு புதன்கிழமை
ழ
வால் நீட்டி, கொஞ்சம் ஆடம்பரமாய்,
தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.
தலைமையாசிரியரிடம் காட்டினேன்.
தூரத்திலிருந்தும் சொல்லித்தரலாம் சார், பாருங்க.

இன்று, எழுது என்றேன்.
பென்சிலை ஐந்து விரலாலும் இறுக்கினான்
உதிரி பொறுக்கும் வாளியின் பிடிபோல.
த வந்தது.
ர வந்தது, அதற்குப் புள்ளி எங்கே என்று
கூரையைப் பார்த்தான்.
மீதி வரவில்லை.
அவன் பெயரே அவனுக்கு வரவில்லை.

என்ன கேட்பதென்று தெரியாமல்
நாற்பத்தைந்து கிலோ, கிலோ எண்பது காசு என்றேன்.
வாயை மூடுவதற்குள்,
முப்பத்தாறு வெள்ளி, டீச்சர்.

அப்போ அதெல்லாம் யாருப்பா எழுதினது?

அக்கா.
நான் அப்பாகூட பொறுக்கப் போயிருவேன்,
அக்கா எழுதிடும்.

அதில் பயமில்லை. பொய்யும் இல்லை.
சோறு யார் ஆக்கினது என்று கேட்டிருந்தாலும்
இதே குரலில்தான் சொல்லியிருப்பான்.

லோஷினி.
ஆறு வருடம் இதே கட்டடத்தில் இருந்து
ழ இல்லாமலே வெளியேறியவள்.
இடைநிலைப் பள்ளியில் தமிழுக்கு ஆள் சேரவில்லை,
வகுப்பே நடக்கவில்லை.
நான்காம் படிவம் பாதியில்
அப்பாவுக்கு வேலைநாள் குறைந்தபோது
கூலிம் பக்கம் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள்.

நான் போட்ட வட்டமெல்லாம்
அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
மிக நன்று, தம்பி என்று எழுதிய ஒவ்வொரு முறையும்
அந்தத் தம்பியைப் படித்துவிட்டு
என்ன செய்திருப்பாள்?

தர்வினை அகரத்திலிருந்து தொடங்கிவிட்டேன்.
அவன் மட்டுமில்லை, பதினொரு பேர்,
மணி அடித்தபின் கேண்டீன் பெஞ்சில்.
நேற்று இ வரை. இன்று மழை,
தகரக் கூரையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.
ஆ வரை.

சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனபோது
தொழிற்சாலை பஸ் நின்றது.
நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை,
இறங்கியவள் என்னைப் பார்த்ததும்
கையைப் பின்னால் கொண்டுபோனாள்.
பொய்யெழுத்துக்குத் திட்டு விழும் என்று நினைத்தாளோ என்னவோ.
நானும் ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் அவளே கேட்டாள்:
டீச்சர்,
பள்ளி திறந்தால் என்ன செய்வேன்னு
கடைசியா ஒரு கட்டுரை குடுத்தீங்கல்ல,
அதுக்கு மார்க் போடலியே.

ஐந்து வரி கேட்டிருந்தேன்.
பதினான்கு வரி வந்திருந்தது.
திறக்கப்போகிற அவசரத்தில்
நான் படிக்கவே இல்லை.