கை காட்டுகிறவன்

மீட்டர் ஓடும்போதே கேட்டுவிடுவார்கள்.
கண்ணாடி பாதி இறங்கும்,
ஏசிக் குளிரோடு கேள்வி வரும்:
"கீழக்கரையில சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?"

நான் கை காட்டுவேன்.
உப்பு லாரிகள் நிற்கிற வளைவு தாண்டி இடப்பக்கம்,
சிமெண்டு விளம்பரம் போக மிஞ்சிய ஓரத்தில்
பேரை நுணுக்கி எழுதிய கடை.

பதினோரு வருஷமாக இதே கை.
கஞ்சி குடித்தாலும் கறி தின்றாலும்
முதலில் பெட்ரோல்தான் மூக்கில் ஏறும்.
ஊளி எது, விளை எது என்று
ருசி சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அந்தக் கடையில் நான் கை நனைத்ததும் இல்லை.
இபுராம்சா மகனுடைய பைக்குக்கு
மாசக் கடைசியில் அரை லிட்டர் கடன் ஊற்றுவேன்,
அவன் ஒரு டீ சொல்வான்.
என் கை அந்தப் பக்கம் திரும்பியது
அந்த டீக்குத்தான்.

சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள்
தேங்காய்ப்பால் என்பார்கள், கைப்பக்குவம் என்பார்கள்.
ஒருத்தர் தண்ணீர் என்றார்.
எந்தத் தண்ணீர்?
சாத்தையா தள்ளுவண்டியில் குடம் பத்து ரூபாய்க்கு வருகிறதே, அதுவா?
கடல் என்றார் இன்னொருத்தர்.
கடல் ஏர்வாடிக்கும்தான் இருக்கிறது.

போன ஆடியில் கச்சான் விடாமல் அடித்தது.
தென்கடல் கலங்கிக் கிடக்க
நாலு நாளாய் வள்ளம் இறங்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மதுரை வேன் ஒன்று,
பதினாலு பேர், பசி முகங்கள்.
கை காட்டினேன்.

பத்தாவது நிமிஷம் வேன் திரும்பி வந்து நின்றது.
"பூட்டிக் கிடக்கிற கடைக்கா வழி சொன்னே?
ஊருக்குப் பேரு மட்டும் பெருசு."
டிரைவர் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான்.

ராத்திரி சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்தேன்.
ஷட்டரில் கரிக்கட்டை எழுத்து,
மணல்காற்று பாதியைத் தின்றிருந்தது:
*மீன் இல்லை.*
கீழே, அழுத்தி, வேறு கையெழுத்தில்:
*ஐஸ் மீன் வந்தது. திருப்பிவிட்டோம்.*

கால்வாசி திறந்த ஷட்டருக்குள் விளக்கு.
குனிந்து பார்த்தேன்.
பெட்டியடியில் இபுராம்சா சும்மா உட்கார்ந்திருந்தார்,
அன்றைக்கு வராத பணத்தை எண்ணுகிறவர் மாதிரி.
ரிபாயா உள்ளிருந்தே கேட்டாள்:
"யாரு, பம்ப்புக்காரரா? மொளவுத்தண்ணியும் சோறும்தான் இருக்கு."

தின்றேன்.
பெட்ரோல் மணத்தது.
அதற்குப் பின்னாலேயே மிளகும் வந்தது,
வேறென்னவோவும் வந்தது.
காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் அதே வேன்.
தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது.
திட்டு வாங்கத் தயாராகி
கையையும் பாதி தூக்கிவிட்டேன்.

வேகம் குறையவில்லை,
கண்ணாடி இறங்கவில்லை,
வளைவில் இண்டிகேட்டர் மட்டும்
இடப்பக்கம் மினுக்கியது.

தூக்கிய கையால்
தலையைச் சொறிந்துகொண்டேன்.