ஒரு நிமிடம் திறந்திருக்கும்

வந்த முதல் வாரமே கற்பூரம் ஏற்றினேன்.
சுண்டுவிரல் நகமளவுதான்.
கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம்
அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.
ஏழு மாடியும் படியிறங்கியது
கைக்குழந்தைகளோடு, ஈரத் தலைகளோடு,
ஒருவர் பாதி மழித்த தாடையோடு.
காவல்காரர் ஹம்தி என் உள்ளங்கையை முகர்ந்தார்.
மறுநாள் கதவில் ஒரு தாள்:
நெருப்பு கூடாது. புகை கூடாது.
ஆணி அடிக்கக் கூடாது.

ஆணி இல்லையென்றால் படம் எங்கே மாட்டுவது.
தலையணைக்கடியில் வைத்தேன் முருகனை.
புரண்டு படுக்கும்போதெல்லாம்
மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ.
பத்தாம் நாள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்,
பாஸ்போர்ட் இருக்க வேண்டிய உறையில்.
பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது.

ஃபர்வானியாவில் இந்த அறைக்கு நாங்கள் நால்வர்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கு
என்னை ஏற்றிப்போகும் வேன் நாலே காலுக்கு.
மூன்றே முக்காலுக்கு விளக்கைப் போட்டால்
மரிவிக் முனகுவாள், லிஸியம்மா இருமுவாள்,
புஷ்பகலா போர்வைக்குள்ளிருந்து
சிங்களத்தில் ஏதோ சொல்வாள்.
வாழ்த்தாக இருக்க வாய்ப்பில்லை.

இருட்டில் தண்ணீர் எடுக்கத்தான்
பிரிட்ஜைத் திறந்தேன் அன்றைக்கு.

வெளிச்சம்.
நாலு தட்டு, பெயர் ஒட்டிய டப்பாக்கள்.
பாதி எலுமிச்சை. லிஸியம்மாவின் இன்சுலின்.
மீன் குழம்பின் மேல் உறைந்த எண்ணெய்.
குளிர் வந்து முகத்தில் படிந்தது
கருவறை வாசலில் படியுமே, அதுபோல.
இல்லை, அதுபோல இல்லை.
அங்கே விபூதி மணக்கும், இங்கே வெங்காயம்.
இருந்தும் கை தானாகக் குவிந்துவிட்டது.

தெரிந்த பாட்டெல்லாம் பாதியில் அறுந்தது.
அதனால் முந்தின நாள் துவைத்த விரிப்புகளில்
ஒன்றை நினைத்துக்கொள்வேன்.
மூன்று முறை போட்டும் கறை போகாத ஒன்று.
அதில் படுத்திருந்தது யாரோ.
அவர் எழுந்திருக்கட்டும்.
இவ்வளவுதான் நான் வைத்துக்கொண்ட பூசை.
ஒருநாள் தொட்டிலளவு விரிப்பு.
அன்று நினைக்கவில்லை. சும்மா நின்றேன்.

ஒரு நிமிடத்துக்கு மேல் கதவு திறந்திருந்தால்
பிரிட்ஜ் கத்தும். பீப், பீப்.
மணியடித்தாயிற்று, நடை சாத்து.
சாத்திவிட்டுச் செருப்பு மாட்டுவேன்.

தையில் தொடங்கியது.
ஆடியில், ஐம்பது டிகிரிக்குப் போகவிருந்த ஒருநாள்,
திரும்பினால் மரிவிக்
கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.
எத்தனை நாளாய்ப் பார்த்தாளோ.
"ஜூஆன்?" என்றாள்.
பசியா.
எங்களுக்குள் இருப்பது அரைகுறை அரபிதான்.
கடவுளுக்கு அரபியில் என்ன என்று எனக்குத் தெரியும்,
ஊரே ஐந்து வேளை சொல்கிறது.
பிரிட்ஜைக் காட்டி அதைச் சொல்ல வாய் வரவில்லை.
தலையாட்டினேன்.
ஆமாம், பசி.

மறுநாள் என் தட்டில் ஒரு கிண்ணம்.
மூடியில் பிளாஸ்திரி, அதில் என் பெயர்,
அவள் நாக்கில் புரண்டபடியே: தபமணி.
உள்ளே சேமியா மாதிரி ஏதோ, நறுக்கிய கேரட்,
நடுவில் வெள்ளையாய்...
கோழியா என்று கிளறிப் பார்த்தேன்.
கோழிதான்.
செவ்வாய்க்கிழமை வேறு.

வெளிச்சத்தில் நின்றபடியே தின்றேன்,
கையால், சில்லென்று, பல் கூச.
பீப் அடித்தது.
அடிக்கட்டும் என்று விட்டேன்.
லிஸியம்மா இருமினாள்.