ஈத் சைபர்

காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் ஆலை.
வாசலில் பதினோரு லாரி, பெங்களூரா பழம்.
தார்ப்பாய்க்கு அடியில்
அது தானாகவே கூழாகிக்கொண்டிருக்கிறது.
நேற்று இடி இறங்கியதிலிருந்து
எடைமேடை வாய் திறக்கவில்லை.

காவலாளி திம்மராயன்
பதிவேட்டின் பெயர்க் கட்டத்தில்
'கம்ப்யூட்டர்' என்று எழுதினார்.
முபீனா என்றேன்.
"போன தடவையும் இப்படித்தாம்மா எழுதினேன்.
வந்தது நீதானே?"

பெட்டியைத் திறந்தால்
இரண்டு பல்லி முட்டை, ஒரு கைப்பிடித் தூசி,
இரண்டு நெட்வொர்க் கார்டு.
ஒன்று எடைமேடையோடு பேச,
மற்றது வெளியூரோடு.
முதலாவதன் ஓரம் கருகியிருந்தது.
கழற்றினேன். அதே பள்ளத்தில் புதுசு.
அதே நீலக் கம்பி. பச்சை விளக்குகூட எரிந்தது.
எடை மட்டும் வரவில்லை.

எழும்போது இயந்திரம்
பள்ளம் பள்ளமாகத் தட்டிப் பார்க்கும்:
யாராவது உண்டா?
குரல் கொடுத்தால் பெயர் வைக்கும்.
சைபரிலிருந்து எண்ணுவது அதன் பழக்கம்.
ஈத் சைபர். ஈத் ஒன்று.
(எங்கள் பழையபேட்டையில் ஈத் என்றால் சேமியா.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.)

ஒரு காலத்தில் வந்த வரிசைதான் பெயர்.
சில காலைகளில் ரெண்டாமவன் முந்திக்கொள்வான்;
மாம்பழ எடை வெளியூருக்குப் போகும்,
வெளியூர்க் கடிதம் தராசில் ஏறும்.
யாரோ சலித்துப்போய் ஒரு கோப்பு எழுதினார்கள்:
உடம்பில் பொறித்த பன்னிரண்டு எழுத்து,
அதற்கு எதிரே பெயர்.
வைத்தால் வைத்ததுதான்.

அந்தக் கோப்பைப் பார்த்தேன்.
கருகினவன் மேசைமேல் கிடக்கிறான்,
அவன் பெயர் இன்னும் சைபர்.
புதியவன் ஈத் இரண்டு.
எடைமேடைக்கோ சைபரைத் தவிர யாரையும் தெரியாது,
ராத்திரி முழுக்க அவனையே கூப்பிட்டிருக்கிறது.

"என்னம்மா ஆச்சு?" மேலாளர் லோகிதாசன்.
செத்தவன் பேரை விடமாட்டேங்குது சார்.
"அட, நம்ம மஸ்டர் ரோல் மாதிரி" என்று சிரித்தார்.
கெம்பம்மா போன வருஷமே
ஓசூர் கையுறைக் கம்பெனிக்குப் போய்விட்டாளாம்.
பெயரை எடுத்தால் பி.எஃப். கணக்கில் ஆயிரம் கேள்வி.
அவள் இடத்தில் கொட்டை நீக்குகிறவளுக்கு
அந்தப் பெயரிலேயே கூலி.
"கெம்பம்மா!" என்று கண்ணாடிக்கு அப்பால் கத்தினார்,
எனக்குக் காட்டுவதற்காக.
முழங்கைவரை மஞ்சளான ஒருத்தி
கத்தியை நிறுத்தாமல்
"ஆங்" என்றாள்.

அந்த ஒன்றைத்தான் இந்த இயந்திரம்
செய்யமாட்டேன் என்று நின்றிருந்தது.
நான் செய்தேன்.
பழைய வரியை அழித்து,
இரண்டைச் சைபர் ஆக்கி,
மறுபடி எழுப்பினேன்.
14,260 கிலோ. முதல் லாரி நகர்ந்தது.

புது மாடலில் இந்தத் தொல்லை இல்லை சார்,
உட்காரும் இடம்தான் பெயர்.
மூன்றாவது தடம், சைபர் பள்ளம்,
யார் வந்து உட்கார்ந்தாலும் அதே பேர்.
"அப்போ அதையே வாங்கிடலாமே" என்றார்.

கிளம்பும் முன் கோப்பைத் திரும்பத் திறந்து
# போட்டு ஒரு வரி சேர்த்தேன்:
கருகினவனின் பன்னிரண்டு எழுத்து,
இன்றைய தேதி.
அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதை
இயந்திரம் படிப்பதில்லை.

வாசலில் திம்மராயன் பேனா நீட்டினார்.
'கம்ப்யூட்டர்' நேராகக் கையெழுத்துப் போட்டேன்.
உள்ளே திரும்பிப் போய்
அவள் பெயரைக் கேட்டிருக்கலாம்.
பன்னிரண்டாவது லாரி
என் ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி
ஹாரன் அடித்தது.