வேலந்தாவளம் செக்போஸ்டில் ஒரு தலை

சாக்கில் என்ன என்று கேட்டார் எக்சைஸ்காரர்.
தலை என்றேன்.
டார்ச்சை என் முகத்தில் அடித்தார்,
பிறகு சாக்கில்.
கோவையில் வால்வு சீட் அரைத்துக் கொண்டுவந்த
எழுபத்திரண்டாம் வருடத்து புல்லட்டின் ஹெட்டு
வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தது.
ஸ்பிரிட் மணக்கிறதே.
மண்ணெண்ணெய், சார். ஒழுகுதான்னு பார்க்க ஊற்றினது.
ஒழுகுதா?
இல்லை.
அப்படியென்றால் போ, என்றார் மலையாளத்தில்,
தன் வீட்டுக் கூரையைச் சொன்ன மாதிரி நிம்மதியாக.

கொழிஞ்சாம்பாறையில் மூன்று நாளாகக் காற்று.
கணவாய் வழியே வருகிறதற்கு
என் பட்டறை ஷட்டர்மேல் என்ன கோபமோ.
மண் விழாமல் இருக்க
சமையல் மேடையில் வைத்துத்தான் வேலை.
எஞ்சின் என்னுடையது. சேஸிஸ் பெலிக்ஸுடையது.
ஆர்.சி. புத்தகம்
செத்துப்போன ஒரு மாட்டு டாக்டர் பேரில்.

முதலில் களிமண்.
பையனின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்த பச்சைக் களிமண்ணை
பிஸ்டன் உச்சியில் அப்பி
ஹெட்டை மூடி
கையால் இரண்டு சுற்று.
திறந்து, பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தேன்.
வால்வு அழுத்தியதில் மெலிந்த இடம்
ஒன்றரை மில்லி.
அது ஒரு யானையின் பின்னங்கால் என்று
ராத்திரிதான் தெரிந்தது.

பிறகு ஸ்பிரிங்.
வேகம் கூடக் கூட வால்வுக்கு வீடு திரும்ப மனமில்லை.
கேம் இறங்கிப் போயிருக்கும்,
இது அந்தரத்திலேயே நிற்கும்,
கீழிருந்து பிஸ்டன் வந்துகொண்டிருப்பது தெரியாமல்.
அடியில் ஒரு வாஷர் கொடுத்தால் ஸ்பிரிங் அதட்டும்.
இரண்டு கொடுத்தால் சுருளோடு சுருள் முட்டி
புஷ் ராடு வளையும்.
ஒன்று போட்டேன்.
ரஹ்மத்தக்கா, இரண்டு போடுங்க என்றான் பெலிக்ஸ்.
நீ ஓட்டு, என்றேன்.

கடைசியில் டேப்பட்.
விடியற்காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.
இடைவெளி பூஜ்யம் என்கிறது புத்தகம்;
எழுதியவன் அத்தோடு எழுந்து போய்விட்டான்.
பூஜ்யம் என்றால் இறுக்கமில்லை.
புஷ் ராடு இரண்டு விரலுக்கு நடுவே
சுற்ற வேண்டும், ஏறி இறங்கக் கூடாது.
லாக் நட்டை முறுக்கும்போது
அந்தப் பூஜ்யம் அரை முடி நகர்ந்துவிடும்.
மறுபடி.
மறுபடி.
ஏழாவது தடவை சுற்றியது.
யாரிடமும் சொல்லாமல் மூடியைப் பூட்டினேன்,
கண் பட்டுவிடும்.

வடகரப்பதியில் கடலை பிடுங்கிய காடு.
பனைகளுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு, பதினோரு வண்டி.
நமக்கு ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது.
டேங்க் உன் முழங்காலில் கடுகு பொரிகிற மாதிரி அதிர்ந்தால்
கியரை மாற்று, அதற்குமேல் இழுக்காதே,
மூன்று தரம் சொன்னேன்.
ஹெல்மெட் ஆடியது. அவன் ஆட்டியதாகத் தெரியவில்லை.

நான்காம் சுற்று, பனைகளைத் தாண்டிய நேர்பாதை.
ஆலத்தூர்க்காரன் ஒரு வண்டி நீளம் முன்னால்.
எனக்குக் கேட்டது,
சத்தத்தில் ஒரு கிழிசல்,
புதுப் புடவையில் நகம் மாட்டினாற்போல.
வால்வு மிதக்கிறது.
கூட்டம் கைதட்டியது,
நான் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தேன்.
ஒன்று, இரண்டு,
மூன்று,

கியர் விழுந்தது.

இரண்டாம் இடம். ஒரு எவர்சில்வர் குடம்,
பெட்ரோலுக்குக் காணாத ரூபாய்.

சாயங்காலம் ஹெட்டைக் கழற்றினேன்.
பிஸ்டன் தலையில் பிறை.
கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும்.
ஒன்றரை மில்லியையும் செலவழித்துவிட்டு
கடனில்லாமல் திரும்பி வந்திருக்கிறான்.
பார்த்தீங்களா, இரண்டு வாஷர் போட்டிருக்கணும் என்றான்.
பார்த்தாயா, மூன்று தரம் சொன்னேன் என்றேன்.
சண்டை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பையன் வந்து நின்றான்.
பிஸ்டனை அவன் பார்க்கவில்லை.
என் யானைக்கால் எங்கே?
பழைய நட்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்,
இரண்டு துண்டாக,
நடுவே வால்வின் விளிம்போடு.
ஒட்டிக்கொள், நிற்கும் என்றேன்.