மூன்றாம் இடம்

ஐந்து பத்துக்கு பெல்ட் ஓடத் தொடங்கும்.
முந்நூற்று நாற்பது தட்டுகள்.
ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை:
உப்பில்லாமல், சீனியில்லாமல், ஹலால், சைவம்,
விழுங்க முடியாதவர்க்கு
மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீர்.
ஏழு மணிக்கு வார்டுகளில் பசி விழித்திருக்கும்.
அதற்குள் முடிப்பதுதான் என் பதவியின் முழுப்பொருள் என்று
ஓராண்டாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் இடத்தில் ரொஸ்னா.
அட்டையை எடுப்பாள், படிப்பாள்,
விளக்குப் பக்கம் திருப்பி மறுபடி படிப்பாள்.
அவளுக்கு முன்னால் தட்டுகள்
வெள்ளி மாலைக் காஸ்வே போல நிற்கும்.
"ரொஸ்னா, இது நூலகமில்லை" என்றேன் ஒருநாள்,
பதினொரு பேர் கேட்க.
பத்துப் பேர் சிரித்தார்கள்.
கியோக் சூ ஆன்ட்டி மட்டும்
கஞ்சி அகப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
ஏற்கெனவே துடைத்த அகப்பையை.

நிறுவனம் என்னைப் பயிற்சிக்கு அனுப்பியது.
பாய லேபாரில் பதினான்காம் மாடி, இரண்டு நாள், நல்ல குளிர்.
ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்:
கேட்டல். பரிவு. நம்பிக்கை.
குறையை இரண்டு பாராட்டுக்கு நடுவே வைக்க வேண்டுமாம்,
ரொட்டிக்கு நடுவே காயா தடவுவது போல.
சான்றிதழில் என் பெயரில் இரண்டு எழுத்தைக் காணோம்.
மங்கையர்க்கரசி நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.
"பிறகு திருத்தி அனுப்புகிறோம்" என்றார்கள்.

திங்கட்கிழமை ரொஸ்னாவுக்குக் காயா ரொட்டி கொடுத்தேன்:
"நேரந்தவறாமல் வருகிறீர்கள், அருமை.
வேகம் போதாது.
உங்கள் சிரிப்பு அழகு."
அவள் சிரித்து மூன்று மாதமாகியிருந்தது.

அந்த வியாழன் அவளுக்கு விடுப்பு.
அவளிடத்தில் புதுப் பையன் ஜுன் ஹாவ். மின்னல் கை.
ஆறு நாற்பதுக்கே பெல்ட் காலி.
என் காசில் எல்லாருக்கும் கோப்பி ஓ.

ஏழு இருபதுக்கு
தாதி ஒருத்தி தட்டைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.
கெட்டித் தண்ணீர் போக வேண்டிய கட்டிலுக்குச்
சாதாத் தண்ணீர்.
"குடிக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன்" என்றாள்.
சொன்ன பிறகும் நின்றாள்.

விசாரணைப் படிவத்தில் ஒரு கட்டம்:
தவறு யாருடையது?
பேனா 'ஜு' வரை எழுதிவிட்டது.

கியோக் சூ ஆன்ட்டி இரண்டு அட்டைகளை
என் மேசையில் வைத்தார்.
வெளியே கொண்டுபோனால் ஒன்று மஞ்சள், ஒன்று பீச்.
எங்கள் டியூப்லைட்டில் இரட்டைப் பிள்ளைகள்.
"ரொஸ்னா ஏப்ரலிலேயே சொன்னாள்.
பிறகு பேசலாம் என்றாய்.
அவள் பிறகுக்காகக் காத்திருந்தாள், லா.
அதுவரை இரண்டு முறை படித்தாள்."

பிறகு.
எத்தனை பேரிடம் அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்,
மீதிச் சில்லறை போல.
குளிரறைக் கதவின் ஆடும் கைப்பிடி.
மாரிவிக் கேட்ட டிசம்பர் விடுப்பு.
'ஜு'வை அடித்துவிட்டு
என் பெயரை முழுதாக எழுதினேன்.
கட்டம் போதவில்லை.

மறுநாள் ஐந்து மணி. பெல்ட் ஓடுமுன் நின்றேன்.
இரவெல்லாம் அடுக்கி வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.
"நூலகம் என்று எல்லார் முன்னும் சொன்னேன்.
அதனால் இதையும் எல்லார் முன்னும் சொல்கிறேன்.
ரொஸ்னா சரி. நான் தப்பு."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.
"அட்டை எப்போது மாறும்?" என்றாள்.
புது அச்சுக்கு இரண்டு வாரமாகும் என்றேன்.
யோசித்தாள்.
"மூலையை வெட்டிவிடுங்கள்.
கண் ஏமாறும். விரல் ஏமாறாது."

ஒன்பதரைக்குக் கிடங்கறையில்
நானும் ஜுன் ஹாவும் இரண்டு கத்தரிக்கோலும்.
அறுநூறு அட்டைகள். கட்டைவிரலில் கொப்புளம்.
அவன் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.
அதற்கும் நாளாகும்.

வீட்டுக்குப் புறப்பட்ட ரொஸ்னா வாசலில் நின்றாள்,
தோளில் பை.
நான் வெட்டிய ஒன்றை எடுத்துக்
கண்ணை மூடி ஓரத்தைத் தடவினாள்.
"இது போதாது" என்றாள்,
"இன்னும் பெரிதாக வெட்டுங்கள்."

முதல் நூறையும் மறுபடி எடுத்தேன்.