மாதம் நாற்பது பேர்

வெள்ளிக்கிழமை மடல் இந்த வாரம் என் முறை.
காபிக் கோப்பை கழுவுவதற்கு இருப்பதுபோலவே
இதற்கும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது.

முதலில் செய்திகள்.
மூன்றாம் தளத்தின் வெந்நீர்க் குழாய் மறுபடி விம்முகிறது.
மெத்தை நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டது:
தூக்கமின்மை பற்றி இன்னும் பன்னிரண்டு கட்டுரை.
பொஷிதார் வழக்கம்போல் விடிய விடிய எழுதுவான்.
க்ஸேனியாவுக்குப் பதவி உயர்வு.
அவள் கொண்டுவந்த கசகசா கேக்
பதினோரு மணிக்கே தட்டு தெரிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு:
வூச் நகரத்தின் இந்தச் செங்கல் கட்டடம் ஒரு பருத்தி ஆலை.
இதே தளத்தில் நூல் நூற்றார்கள்.
நாங்களும் நூல் விடுகிறோம்,
முனையில் ஒரு தள்ளுபடிக் கூப்பன் கட்டி.

நான் சலவைத்தூள்.
அதாவது, நான்கு வருடமாக நான்தான் திருமதி லுத்மீவா.
முகம் பட வங்கியில் வாங்கியது, பதினெட்டு ஸ்வாட்டி.
முத்துக் கம்மல், கலையாத புன்னகை.
விரல்கள் என்னுடையவை. தாடியும்தான்,
அது அவளுக்குத் தெரியாது.
பீட்ரூட் கறைக்கு வினிகர்,
சங்கிலி கிரீஸுக்கு முதலில் வெண்ணெய், பிறகு நம் தூள்,
எல்லாவற்றுக்கும் கடைசியில் நம் தூள்.

செவ்வாயன்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது.
பெயர் இல்லை. பாபியானிட்சே என்று ஊர் மட்டும்.
'சட்டையை எப்படித் துவைத்தால் வாசனை போகாது?
உங்கள் வாசனை இல்லை. அவருடையது.
கழுத்துப்பட்டையில் முட்டைக் கறை இருக்கிறது.
மார்ச் மாதத்தது.'

கருவியில் போட்டுப் பார்த்தேன்.
இதே கேள்வியை மாதம் நாற்பது பேர் தேடுகிறார்கள்.
நம் கீழ்வரம்பு முந்நூறு.
போட்டி: ஏதுமில்லை.
'நாற்பதுக்கு எழுதினால் கட்டாது' என்றாள் க்ஸேனியா.
சரிதான். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.
'நவம்பரைப் பார்' என்றாள்.
நவம்பரில் எழுபது.
கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு
வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறக்கிற மாதம்.

பொஷிதார் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான்:
'எனக்குத் தலையணை உறை பற்றி வரும்.
நான் அடுத்ததற்குப் போய்விடுவேன்.'

எழுதினேன். அறுபது சொல் இருக்கும்.
துவைக்க வேண்டாம்.
முட்டையை மட்டும், குளிர்ந்த நீர் தொட்ட துணியால்,
தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.
பிறகு மூடி இறுகும் கண்ணாடி ஜாடி.
அடிக்கடி திறக்காதீர்கள்.
திறந்தாலும் பரவாயில்லை.

ஒன்றரை நாள் கழித்து போஸ்னானிலிருந்து
திரு. திமோத்தெயுஷ் எழுதினார், சிரிக்கும் முகம் ஒன்றும் வைத்து:
'எங்கள் லுத்மீவா, துவைக்க வேண்டாம் என்று
ஒருநாளும் சொல்லமாட்டார்.'
அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.
தூள் விற்பவரிடம் போய்
தூசியைக் காப்பாற்றச் சொல்ல முடியாது.
பதிலை எடுத்துவிட்டு
வாசனையற்ற புது வகையின் படத்தை வைத்தேன்.
யார் சாயம் வெளுத்தது என்று கேட்காதீர்கள்.

ஆனால் பாபியானிட்சேயின் மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருந்தது.
அந்த அறுபது சொல்லை அப்படியே ஒட்டினேன்.
கீழே லுத்மீவா என்று எழுதி, அழித்து,
என் பெயரை எழுதி, அதுவும்
வீட்டுக்குள் செருப்போடு வந்தவன் மாதிரி இருக்க,
அதையும் அழித்தேன்.
பெயரில்லாமல் வந்தது.
பெயரில்லாமல் போயிற்று.

இனி எண்கள், மடலில் எண்கள் இல்லாவிட்டால்
மேலே படிக்கமாட்டார்கள்.
எடுக்கப்பட்ட அந்தப் பக்கம்: வந்தவர்கள் பதினேழு.
வாங்கியவர்கள் பூஜ்யம்.
ஒருவர் தங்கிய சராசரி நேரம் பதினொரு நிமிடம்.

அறுபது சொல்லுக்கு.

குழாய் பார்க்கத் திங்களன்று ஆள் வருகிறார்.
சுவரோரம் மேசை போட்டிருப்பவர்கள்
காகிதங்களை நகர்த்தி வையுங்கள்.