ஊரிகே

தடாவில், இறால் தீவனக் கடைக்கு மேல்
ஒற்றை அறை எனக்கு.
முதன்முறை அவர் தட்டியபோது
குக்கரில் இரண்டாம் விசில்.
மூன்றாவதைக் கேட்டதாக நினைவில்லை.

பெஞ்சலய்யா, ஹெட் கான்ஸ்டபிள்.
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்.
எதற்கு வந்தீர்கள் என்று கேட்க
வாய் வரவில்லை; முகம் கேட்டிருக்கும்.
"ஊரிகேம்மா, ஊரிகே" என்றார்.

ஊருக்கே.
போகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர் படியிறங்கியதும்
பாஸ்போர்ட், ஓ.எல். சான்றிதழ்,
இரண்டு காப்பு, ஒரு மாற்றுடுப்பு,
எல்லாம் பொலித்தீன் பையில். பை கதவடியில்.
இந்தக் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பதினொரு வயதில் பழகியவை.

மறுநாள் லைனில், மெஷின் இரைச்சலுக்குள்
சுகுணா சிரித்தபடி நூலை அறுத்தாள்:
"அக்கா, ஊரிகேன்னா சும்மான்னு அர்த்தம்.
சும்மா வந்திருக்காரு."

சும்மா.
"சும்மா ஒரு விசாரணை" என்றுதான்
எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள்.
அண்ணனுக்குச் செருப்புப் போட நேரம் தந்தார்கள்.

பையை நான் அவிழ்க்கவில்லை.

மூன்று மாதத்துக்கொரு முறை வருவார்.
பெயர், தகப்பன் பெயர், விசா முடியும் தேதி.
அடையாளக் குறி: இடது புருவத்தில் தழும்பு.
போன முறையும் அங்கேதான் இருந்தது.
நிலைக்கதவோடு சேர்த்து என்னை ஒரு படம்,
ஸ்டேஷன் வாட்ஸ்அப்புக்கு.
மாடிப்படியில் ரமணம்மா
காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஜனவரி, பறவை விழா பந்தோபஸ்து முடிந்து
மூக்குத் தோல் உரிந்து வந்தார்.
தண்ணீர் கேட்டார். தேத்தண்ணி கொடுத்தேன்.
பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வித்தை
இரண்டாம் கோப்பையில்தான் பிடிபட்டது அவருக்கு.
அன்று படமெடுக்க மறந்துவிட்டார்.
கீழே ஜீப்வரை போய், திரும்பி ஏறி வந்து எடுத்தார்.

இந்த வெள்ளிக்கிழமை, சூலூர்ப்பேட்டை ஸ்டேஷன்.
அம்மாவின் ஆண்டுத் திவசம்.
போகுமுன் ஒரு படிவம்.
பெஞ்சலய்யாவே பேனாவைத் திறந்தார்.
"எந்துகு?"
பயண நோக்கம் என்ற கட்டத்தின் மேல் அவர் விரல்.

"ஊருக்கே."

நிமிர்ந்து பார்த்தார்.
"ஊரிகேவா? ஊரிகே யாராவது
விமானத்துக்கு டிக்கெட் எடுப்பார்களா?"
ரைட்டர் சிரித்தார், வாசலில் காவல் நின்றவன் சிரித்தான்.
நானும் சிரித்தேன். திருத்தவில்லை.

எழுதினார், உருண்டை உருண்டையாக.
தெலுங்கு எனக்குப் பேச மட்டும் வரும்.
இரண்டில் எது அது என்று தெரியாமலே
கீழே தமிழில் கையெழுத்திட்டேன்.

அறைக்கு வந்து பையை எடுத்தேன்.
நாலு வருஷத்துத் தீவன வாடை.
காப்பு இரண்டும் இருந்தன.
மாற்றுடுப்பை மேலே வைத்துப் பார்த்தேன்.
தோள் கொள்ளவில்லை.